சக்கரம் கைவிடும் பயிற்சி விமானம்: பழுது தொடங்கும் இடங்கள்

பயிற்சி விமானம் ஒன்று ஓடுபாதையில் மூக்கை ஊன்றிக்கொண்டோ வயிற்றை உரசிக்கொண்டோ நின்றுபோனால், மறுநாள் செய்தியில் பெரும்பாலும் ஒரே வாக்கியம்தான் வரும்: லேண்டிங் கியர் (சக்கரங்களும் அவற்றைத் தாங்கும் கால்களும்) பழுதானதால் விமானம் அவசரமாகத் தரையிறங்கியது, பயிற்றுநரும் மாணவரும் காயமின்றித் தப்பினர். அந்த ஒரு வாக்கியத்துக்குள், காரணத்தால் ஒன்றோடொன்று சம்பந்தமில்லாத நான்கு நிகழ்வுகளில் எது வேண்டுமானாலும் அடங்கியிருக்கலாம். சக்கரங்கள் உண்மையிலேயே இறங்க மறுத்திருக்கலாம். அவை ஒழுங்காக இறங்கிப் பூட்டிக்கொண்ட பிறகும், அதைச் சொல்ல வேண்டிய விளக்கு எரியாமல் விமானியைக் குழப்பியிருக்கலாம். நன்றாக இருந்த சக்கரம் தரையைத் தொட்ட அதிர்ச்சியில் முறிந்திருக்கலாம். அல்லது சக்கரத்தை இறக்க வேண்டும் என்பதையே விமானத்தில் இருந்த இருவரும் மறந்திருக்கலாம். நான்காவதைப் பழுது என்று அழைப்பது இயந்திரத்துக்குச் செய்யும் அநியாயம். ஆனால் முதல் செய்தி வெளியாகும் நேரத்தில் அதைப் பிரித்துச் சொல்லும் நிலையில் யாரும் இருப்பதில்லை.

இவற்றில் எது நடக்கக்கூடும் என்பதை முதலில் தீர்மானிப்பது விமானத்தின் வகை. விமானம் ஓட்டக் கற்பவரின் தொடக்க மணிநேரங்கள் பெரும்பாலும் நிலையான சக்கரங்கள் கொண்ட விமானத்தில்தான் கழிகின்றன. 1950களின் நடுப்பகுதியிலிருந்து 44,000-க்கும் மேற்பட்ட எண்ணிக்கையில் தயாரிக்கப்பட்ட செஸ்னா 172 இதற்கு நன்கு அறிந்த எடுத்துக்காட்டு. அதன் சக்கரங்கள் எப்போதும் வெளியே நீட்டிக்கொண்டுதான் இருக்கும். மறப்பதற்கோ இறங்காமல் போவதற்கோ அங்கே இடமில்லை. உள்ளிழுக்கும் சக்கரங்களை மாணவர் சந்திப்பது அடுத்த கட்டத்தில்: பைப்பர் ஆரோ, செஸ்னா 172 ஆர்ஜி போன்ற ஒற்றை எஞ்சின் விமானங்களிலும், பைப்பர் செனெகா, டயமண்ட் டிஏ42 போன்ற இரட்டை எஞ்சின் விமானங்களிலும். நிலையான சக்கர விமானத்தில் பழுது என்றால் அது ஏறக்குறைய எப்போதும் உடைவுதான். உள்ளிழுக்கும் சக்கர விமானத்தில் அந்த உடைவோடு, மின்சாரம், எண்ணெய் அழுத்தம், சுவிட்ச், மனித நினைவு ஆகிய நான்கும் சேர்ந்துகொள்கின்றன.

நிலையான சக்கரம் எளிமையானது என்பதால் அதன் வேலையும் எளிது என்று எண்ணிவிடக்கூடாது. செஸ்னாவின் முதன்மைச் சக்கரங்களை, அதாவது நடுப்பகுதியில் இருபுறமும் உள்ள இரண்டையும், தாங்கும் வளைந்த எஃகுக் கால், பந்தய விமானங்களை வடிவமைத்த ஸ்டீவ் விட்மனின் கண்டுபிடிப்பு; அந்நிறுவனம் அதன் உரிமத்தை வாங்கி 1940களிலிருந்து பயன்படுத்தியது. அது ஒரு வில் போன்றது: அமுங்கும், விரியும், அவ்வளவுதான். மூக்குச் சக்கரத்தின் கால் வேறு வகை. அது ஓலியோ ஸ்ட்ரட் எனப்படும் தொலைநோக்கிக் குழாய் போன்ற அமைப்பு. உள்ளே அழுத்தப்பட்ட வாயுவும் சிறு துளை வழியே மெல்ல வழிந்தோடும் ஹைட்ராலிக் எண்ணெயும் இருக்கும். வாயு சுமையைத் தாங்குகிறது, எண்ணெய் துள்ளலை அடக்குகிறது. எண்ணெய் கசிந்துவிட்டாலும் வாயு குறைந்துவிட்டாலும் விமானம் தரையில் நிற்கும்போதே மூக்கு சற்றுத் தாழ்ந்து தெரியும். பறப்பதற்கு முன் விமானத்தைச் சுற்றி வரும் மாணவர், அந்தக் காலில் பளபளப்பான பகுதி எத்தனை விரற்கடை வெளியே தெரிகிறது என்று பார்ப்பது அதற்காகத்தான்.

சக்கரம் விழுங்க வேண்டிய ஆற்றல், விமானம் கீழே இறங்கும் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1,100 கிலோ எடையுள்ள விமானம் விநாடிக்கு 1 மீட்டர் வேகத்தில் தரையைத் தொட்டால் சுமார் 550 ஜூல் ஆற்றலைச் சக்கரக் கால்கள் ஏற்க வேண்டும். அதே விமானம் விநாடிக்கு 2 மீட்டரில் இறங்கினால் அது 2,200 ஜூல். 3 மீட்டரில் கிட்டத்தட்ட 5,000. அமெரிக்கச் சிறு விமானத் தரச்சான்று விதிகள் நெடுங்காலமாகக் கேட்டுவந்தது விநாடிக்கு 7 முதல் 10 அடி வரையிலான, அதாவது ஏறக்குறைய 2.1 முதல் 3 மீட்டர் வரையிலான இறங்கு வேகத்தைத் தாங்கும் கட்டமைப்பு. ஓடுபாதைக்குச் சில அடி உயரத்தில் வேகத்தை முழுவதுமாக இழந்து 'தொப்'பென்று விழவிடும் மாணவர் இந்த எல்லையை நெருங்குவது பெரிய சாதனை ஒன்றுமில்லை.

இருந்தாலும், நேராக விழும் விமானத்தைவிட மூக்கை முன்னால் ஊன்றும் விமானமே அதிகம் சேதமடைகிறது. முதன்மைக் கால்கள் இந்த அடிக்காகவே படைக்கப்பட்டவை. மூக்குக் காலோ தரையில் விமானத்தைத் திருப்புவதற்கும் எடையின் சிறு பங்கைச் சுமப்பதற்கும் மட்டுமே. வேகம் கூடுதலாக இருக்கும்போது விமானத்தை வலிந்து ஓடுபாதையில் அமர்த்த முயலும் மாணவர், மூன்று சக்கரங்களும் ஒன்றாகவோ மூக்குச் சக்கரம் முதலாகவோ படும்படி செய்துவிடுகிறார். விமானம் எகிறுகிறது. பயந்துபோன கை கட்டுப்பாட்டுத் தண்டை முன்னுக்குத் தள்ளுகிறது. இரண்டாம் முறை மூக்கு இன்னும் வலுவாக இடிக்கிறது. ஒவ்வொரு குதிப்பும் முந்தையதைவிட மோசமாகும் இந்த ஊசலாட்டத்துக்குக் கடற்பன்றியின் பாய்ச்சலை வைத்துப் பெயரிட்டிருக்கிறார்கள் விமானிகள். பல ஒற்றை எஞ்சின் விமானங்களில் மூக்குக் கால், எஞ்சினுக்கும் விமானி அறைக்கும் நடுவே இருக்கும் ஃபயர்வால் தகட்டோடு பிணைக்கப்பட்டிருப்பதால், கால் முறியாமல் தப்பினாலும் அந்தத் தகடு நசுங்கியிருக்கக்கூடும். வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அது தெரியாது. அடுத்த மாணவர் அதே விமானத்தில் கிளம்பிவிடுவார்.

பயிற்சி விமானத்தை மற்ற சிறு விமானங்களிலிருந்து பிரிக்கும் இடம் இதுதான். சொந்தப் பயணத்துக்கு விமானம் வைத்திருப்பவர் இரண்டு மணி நேரம் பறந்தால் ஒருமுறை தரையிறங்குவார். ஓடுபாதையைச் சுற்றிச்சுற்றித் தரையிறங்கப் பழகும் மாணவர், ஒரு சுற்றுக்கு ஆறு நிமிடம் என்று வைத்துக்கொண்டால், ஒரு மணி நேரத்தில் பத்து முறை தரையைத் தொடுகிறார். அதில் பாதியாவது அரைகுறையான தொடல்கள். ஆனால் பராமரிப்பின் கணக்கு பெரும்பாலும் மணிநேரத்தில்தான் எழுதப்படுகிறது. அமெரிக்காவில் கட்டணம் வாங்கி ஆட்களை ஏற்றவோ பயிற்சி தரவோ பயன்படும் விமானத்தை 100 மணி நேரப் பறப்புக்கு ஒருமுறை சோதிக்க வேண்டும் என்பது விதி. எஞ்சினுக்கு அது பொருத்தமான அளவுகோல். சக்கரக் காலின் வயதை நிர்ணயிப்பது மணிநேரம் அன்று, தரையிறக்கங்களின் எண்ணிக்கையும் கடுமையும். ஒரே நூறு மணி நேரத்தில் ஒரு விமானம் ஐம்பது முறையும் இன்னொன்று ஆயிரம் முறையும் தரையைத் தொட்டிருக்கலாம். பறப்புப் பதிவேட்டின் மணிநேரப் பத்தி இரண்டிலும் ஒரே எண்ணைத்தான் காட்டும். உலோகச் சோர்வால் அச்சிலோ போல்ட்டிலோ உருவாகும் மயிரிழை விரிசல் அந்த எண்ணைப் படித்துவிட்டு வளர்வதில்லை. அதனால்தான் கடுமையான தரையிறக்கம் நடந்ததும் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று பயிற்சிப் பள்ளிகள் வற்புறுத்துகின்றன. அதைச் சொல்ல வேண்டியவர் தன் தவறை எழுத்தில் ஒப்புக்கொள்ள வேண்டிய மாணவர் என்பதுதான் இந்த ஏற்பாட்டின் பலவீனம்.

இதன் விளைவு எப்போது வெளிப்படும் என்பதற்கு ஒழுங்கு எதுவும் கிடையாது. 2018-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில், நிலையான சக்கரங்கள் கொண்ட பைப்பர் விமானத்தில் தனியாகக் கிளம்பிய மாணவர் ஒருவருக்கு, புறப்பட்ட வேளையிலேயே ஒரு முதன்மைச் சக்கரம் கழன்று விழுந்தது. அருகே பயிற்றுநர் இல்லை. கட்டுப்பாட்டுக் கோபுரமும் தரையிலிருந்த பயிற்றுநரும் வானொலி வழியாகத் துணை நிற்க, அவர் வட்டமடித்துத் தன்னை நிதானப்படுத்திக்கொண்டு, காயமின்றித் தரையிறங்கினார். புறப்படும்போது உடைந்த சக்கரம் பற்றி விமானத்தில் இருப்பவருக்கே தெரியாமல் போவதும் உண்டு. தாழ்ந்த இறக்கை கொண்ட விமானத்தில் இருக்கையிலிருந்து சக்கரத்தைப் பார்க்க முடியாது. தரையிலிருந்து யாராவது பார்த்துச் சொன்னால்தான் உண்டு.

உள்ளிழுக்கும் சக்கரங்களின் உலகம் இதைவிடச் சிக்கலானது. சக்கரங்களை ஏற்றி இறக்கும் வழிகள் சிறு விமானங்களில் மூன்று. பழைய மூனி விமானங்களில் விமானியே ஒரு நீண்ட தண்டைக் கையால் நகர்த்திப் பூட்டுவார். பீச்கிராஃப்ட் பொனான்சாவில் ஒரு மின்மோட்டார் பற்சக்கரப் பெட்டி வழியாகக் கால்களைத் தள்ளுகிறது. ஆரோவிலும் 172 ஆர்ஜியிலும் மின்மோட்டார் ஒரு ஹைட்ராலிக் பம்பைச் சுழற்ற, அந்த எண்ணெய் அழுத்தம் கால்களை நகர்த்தும் ஆக்சுவேட்டர்களை இயக்குகிறது. மூன்றிலும் சக்கரம் கீழே வந்தால் மட்டும் போதாது. அது பூட்டிக்கொள்ள வேண்டும். நிமிர்ந்து நிற்பவர் முழங்காலைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி நின்றால் கால் மடங்காது அல்லவா, அதே தத்துவத்தில்தான் பல விமானங்களின் கால் மூட்டு நேர்கோட்டைச் சிறிது கடந்து நின்றுவிடுகிறது; ஒரு கொக்கியோ சுருள்வில்லோ அதை அங்கேயே பிடித்துவைக்கிறது. தொங்கிக்கொண்டிருந்தும் பூட்டாத சக்கரம், எடை விழுந்த மறுகணம் மடங்கிவிடும்.

மாற்று வழியும் அந்தந்த அமைப்பைப் பொறுத்தது. ஆரோவில் சக்கரங்களை மேலே பிடித்துவைத்திருப்பதே எண்ணெய் அழுத்தம் என்பதால், அவசர நெம்புகோல் அந்த அழுத்தத்தை விடுவித்தால் போதும். சக்கரங்கள் தம் எடையாலேயே விழும், மூக்குச் சக்கரத்துக்குச் சுருள்வில் உதவும். இந்த விமானத்தில் எண்ணெய் முழுவதும் கசிந்துபோனால் சக்கரங்கள் தாமாகவே இறங்கிவிடும் என்பது வடிவமைப்பாளரின் முன்யோசனை. 172 ஆர்ஜியில் முன் இருக்கைகளுக்கு நடுவே இருக்கும் கைப்பம்பை அடிக்க வேண்டும்; அதற்கு எண்ணெய் மிச்சம் இருக்க வேண்டும். பொனான்சாவில் முன் இருக்கைகளுக்குப் பின்னால் இருக்கும் கைப்பிடியைச் சுமார் 50 சுற்றுகள் சுற்ற வேண்டும். ஒரு கையால் விமானத்தை ஓட்டிக்கொண்டு உடலைத் திருப்பி மறுகையால் அதைச் செய்து பார்த்தவருக்குத்தான் அந்த ஐம்பதின் நீளம் தெரியும். மூன்று விமானங்களில் மூன்று நடைமுறைகள். ஒன்றில் பழகியவர் இன்னொன்றில் அதே கைவாகில் தேடுவது பயனற்றது.

சிறிய காரணங்களே அடிக்கடி பெரிய தோற்றம் எடுக்கின்றன. மோட்டாரின் சர்க்கியூட் பிரேக்கர் (மின்னோட்டம் மிகுந்தால் இணைப்பைத் துண்டிக்கும் பொத்தான்) வெளியே தள்ளப்பட்டிருந்தால் சக்கரம் அசையாது. அந்தக் கருப்புப் பொத்தானை விமானியோ அவர் முழங்காலோ இடித்திருக்கலாம். 2011 நவம்பர் 1 அன்று வார்சாவில் ஒரு போயிங் 767 சக்கரமின்றி வயிற்றால் தரையிறங்கியதன் பின்னணியிலும் இப்படியொரு பிரேக்கர் இருந்தது. ஹைட்ராலிக் குழாய் ஒன்று கசிந்து முதன்மை வழி அடைபட்டது. மாற்று வழிக்கு மின்சாரம் தரும் பிரேக்கர் விழுந்து கிடந்ததை எவரும் கவனிக்கவில்லை. 231 பேரும் பிழைத்தார்கள். அத்தனை பெரிய விமானத்திலேயே இது நடக்கும் என்றால், முழங்கால் உயரத்தில் பிரேக்கர் வரிசை கொண்ட நான்கு இருக்கை விமானத்தைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை.

இனி விளக்குகள். ஒவ்வொரு சக்கரமும் இறங்கிப் பூட்டியதும் அங்கிருக்கும் மைக்ரோ சுவிட்ச் ஒன்று அழுந்தி, விமானி அறையில் ஒரு பச்சை விளக்கை எரியவைக்கிறது. மூன்று பச்சை தெரிந்தால்தான் தரையிறங்கலாம். இரண்டு மட்டுமே எரிந்தால், பழுது சக்கரத்தில் இருக்கலாம், சேறு படிந்த சுவிட்சில் இருக்கலாம், அறுந்த கம்பியில் இருக்கலாம், பல்பில் இருக்கலாம். பல விமானங்களில் இந்தப் பல்புகள் ஒரே அளவு என்பதால், எரிகிற ஒன்றைப் பிடுங்கி எரியாததன் இடத்தில் செருகிப் பார்ப்பது பயிற்றுநர்கள் கற்றுத்தரும் முதல் சோதனை. ஆரோ ஓட்டியவர்களுக்குப் பழக்கமான இன்னொரு வேடிக்கை உண்டு: பகலில் யாராவது கருவிப்பலகை விளக்குச் சுவிட்சைப் போட்டுவிட்டால், இரவில் கண் கூசாமலிருக்க இந்தப் பச்சை விளக்குகள் தாமாக மங்கிவிடும்; வெயிலில் அவை அணைந்தே போனதாகத் தோன்றும். மூன்றுமே எரியவில்லை என்று பதறிய மாணவருக்குச் செய்ய வேண்டியது ஒரு சுவிட்சை அணைப்பது மட்டும்தான்.

ஒரு பல்பு எவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதற்கு வானியக்க வரலாற்றில் 1972 டிசம்பர் 29-க்கு மேல் சாட்சி வேண்டியதில்லை. மயாமியில் இறங்கவிருந்த ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் 401-ஆம் விமானத்தில் மூக்குச் சக்கர விளக்கு எரியவில்லை. விமானி அறையில் இருந்தவர்கள் அனைவரும் அந்தப் பல்பில் மூழ்கியிருக்க, தானியங்கி ஓட்டியின் உயரப் பிடிப்பு விலகியது யாருக்கும் தெரியாமல் விமானம் மெல்ல இறங்கி எவர்கிளேட்ஸ் சதுப்பில் மோதியது. இருந்த 176 பேரில் 101 பேர் இறந்தனர். சக்கரம் இறங்கித்தான் இருந்தது. ஆறு ஆண்டுகள் கழித்து, 1978 டிசம்பர் 28 அன்று, யுனைட்டட் 173-ஆம் விமானம் போர்ட்லாந்து அருகே சக்கரச் சந்தேகத்தோடு ஏறக்குறைய ஒரு மணி நேரம் சுற்றி, எரிபொருள் தீர்ந்து விழுந்தது. 10 பேர் மரணம். அங்கும் சக்கரங்கள் கீழேதான் இருந்தன. விமானி அறையில் இருப்பவர்கள் ஒருவரோடொருவர் எப்படிப் பேசி வேலையைப் பகிர்ந்துகொள்வது என்ற பயிற்சி முறை வளர்ந்ததில் இந்த விபத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

இவை பயணிகள் விமானங்கள் என்று ஒதுக்கிவிட முடியாது. சிறு விமானத்தில் சக்கரம் இறங்காமல் வயிற்றால் இறங்குவது பெரும்பாலும் உலோகச் சேதத்தோடு முடிந்துவிடுகிறது. தரையைத் தொடும் வேகம் 50, 60 நாட்டுகள் (மணிக்குச் சுமார் 90 முதல் 110 கிலோமீட்டர்) தான், ஓடுபாதை நீளமானது, விமானம் சறுக்கி நின்றுவிடும். அதைச் சரிசெய்யத் தலையைக் குனிந்துகொண்டிருக்கும்போது வேகம் குறைந்து இறக்கைகள் தூக்குவிசையை இழப்பதும் (ஸ்டால்), மற்றொரு விமானத்தின் பாதையில் நுழைவதும், எரிபொருளை மறப்பதும்தான் உயிரோடு விளையாடுபவை. என் கணிப்பில், பயிற்சி விமானத்தில் இந்த ஆபத்து கூடுதல். காரணம், அங்கே இருவர் இருந்தும் விமானம் யார் கையில் இருக்கிறது என்பது நொடிக்கு நொடி மாறக்கூடியது. பயிற்றுநர் பிரேக்கர்களைத் தடவிப் பார்க்கும்போது மாணவர் ஓட்டுகிறார் என்று நினைப்பார். பிரச்சினை வந்ததும் பயிற்றுநர் எடுத்துக்கொண்டார் என்று மாணவர் நினைப்பார். கட்டுப்பாட்டைக் கைமாற்றும்போது ஒருவர் சொல்ல, மற்றவர் திருப்பிச் சொல்ல, முதலாமவர் மீண்டும் உறுதிசெய்ய வேண்டும் என்ற மூன்று படி வழக்கம், கேட்பதற்குச் சடங்கு போலத் தோன்றினாலும், இந்த இடைவெளியை அடைக்கவே உருவானது.

பழுதைக் கற்பிக்கும் முறையே பழுதை உண்டாக்குவதும் உண்டு. அவசரமாகச் சக்கரம் இறக்கும் பயிற்சிக்காக மாணவர் அறியாமல் பிரேக்கரை இழுத்துவிடும் பயிற்றுநர், பாடம் முடிந்ததும் அதைத் திரும்ப அழுத்த மறந்தால், நடிப்பாகத் தொடங்கியது அடுத்த சுற்றில் உண்மையாகிறது. இதைவிட நுட்பமானது எஞ்சின் செயலிழப்புப் பயிற்சி. எஞ்சின் விசையைக் கட்டுப்படுத்தும் த்ராட்டிலைப் பயிற்றுநர் முழுவதும் மூடுகிறார். சக்கரம் மேலே இருக்கையில் எஞ்சின் விசை குறைந்தால் ஒலிக்கும்படி அமைந்த எச்சரிக்கை ஒலிப்பான் அந்தக் கணமே அலறத் தொடங்குகிறது. இந்தப் பயிற்சியில் சக்கரத்தை உடனே இறக்கக்கூடாது, இறக்கினால் இழுவை கூடிச் சறுக்குத் தூரம் குறையும் என்பதே பாடம். எனவே அலறலைப் பொருட்படுத்தாமல் சில நிமிடங்கள் பறக்க இருவரும் பழகுகிறார்கள். ஓடுபாதையை எட்டிவிட முடியும் என்று உறுதியான கட்டத்தில் சக்கரத்தை இறக்க வேண்டும். அந்தக் கட்டத்தில் மாணவர் உயரத்தையும் தூரத்தையும் அளந்துகொண்டிருப்பார், பயிற்றுநர் மாணவரை அளந்துகொண்டிருப்பார். ஒலிப்பான் இன்னும் அலறிக்கொண்டுதான் இருக்கும். காது அதைக் கேட்பதை எப்போதோ நிறுத்தியிருக்கும்.

இந்த மறதிக்கு இயந்திரத்தால் மருந்து தேடிய முயற்சி ஒன்றை இங்கே சொல்ல வேண்டும். 1967-இல் அறிமுகமான பைப்பர் ஆரோவில், வேகம் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே இறங்கினால் சக்கரங்களைத் தாமாகவே இறக்கிவிடும் அமைப்பு இருந்தது. மறதிக்கு அருமையான மருந்துதான். ஆனால் எஞ்சின் நின்றுபோய், எட்டாத வயலை நோக்கிச் சறுக்கிக்கொண்டிருக்கும் விமானியின் சக்கரங்களையும் அது கேட்காமலே இறக்கிவிடும். 1980களின் பிற்பகுதியில் அந்த அமைப்பை நீக்கும்படி பைப்பரே பரிந்துரைத்தது.

மறப்பதற்கு நேர்மாறான தவறும் பயிற்சியில் சாதாரணம்: ஓடுபாதையில் ஓடிக்கொண்டிருக்கும்போது சக்கரத்தை மேலே இழுத்துவிடுவது. தொட்டுவிட்டு உடனே மீண்டும் கிளம்பும் பயிற்சியில், ஓடுகிற சில விநாடிகளுக்குள் இறக்கையின் பின்விளிம்பில் இறங்கியிருக்கும் ஃபிளாப்பை மடக்கி, விமானத்தைச் சமநிலையில் வைக்கும் டிரிம்மைச் சரிசெய்து, த்ராட்டிலைத் திறக்க வேண்டும். அவசரக் கை ஃபிளாப் நெம்புகோலுக்குப் பதிலாகப் பக்கத்தில் இருப்பதை இழுத்துவிடுகிறது. இரண்டாம் உலகப்போரில் அமெரிக்க பி-17 விமானிகள் தரையிறங்கிய பிறகு இதையே செய்துகொண்டிருந்தார்கள். 1943-இல் இதை ஆராய்ந்த உளவியலாளர் அல்ஃபோன்ஸ் சப்பானிஸ், பக்கத்துப் பக்கத்தில் ஒரே மாதிரி இருந்த இரண்டு சுவிட்சுகளைக் குற்றவாளியாகக் கண்டார். சக்கரக் கட்டுப்பாட்டின் முனையில் சிறு ரப்பர் சக்கரத்தையும், ஃபிளாப் கட்டுப்பாட்டில் ஆப்பு வடிவத் துண்டையும் ஒட்டவைத்தார். பார்க்காமலே விரல் இனம் கண்டுகொண்டது. இன்றும் சக்கர நெம்புகோலின் முனை சக்கர வடிவிலும் ஃபிளாப் நெம்புகோல் தட்டையாகவும் இருப்பது அந்த வழியில் வந்ததே. ஆனாலும் பொனான்சா, பேரன் (Baron) வகை பீச்கிராஃப்ட்களில் இவ்விரு கட்டுப்பாடுகளும் மற்ற விமானங்களுக்கு நேர்மாறான இடங்களில் பல ஆண்டுகள் நீடித்தன. அமெரிக்கத் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 1980-இல் வெளியிட்ட தனி அறிக்கை, இந்த விபத்துகளுக்கு வடிவமைப்பே தூண்டுகோல் என்று தலைப்பிலேயே சொன்னது.

தரையில் நிற்கும்போது சக்கரம் மடங்காமல் தடுக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் இருக்கிறதே என்று கேட்கலாம். அது விமானத்தின் எடை சக்கரக் காலை அமுக்கியிருப்பதை வைத்து இயங்குவது. சில மாதிரிகளில் காற்று வேகத்தை வைத்து. தொட்டு ஓடும் விமானத்தின் இறக்கைகள் இன்னும் எடையின் பெரும்பகுதியைச் சுமந்துகொண்டிருப்பதால், கால் அமுங்காமல் நீண்டே இருக்கும். சுவிட்சின் கணக்கில் விமானம் இன்னும் வானத்தில் இருக்கிறது. உள்ளிழுக்கும் சக்கர விமானங்களில் தொட்டுக் கிளம்பும் பயிற்சியைப் பல பள்ளிகள் தடைசெய்து, முழுதாக நின்று, ஓடுபாதையை விட்டு விலகிய பிறகே ஃபிளாப்பைத் தொட வேண்டும் என்று வைத்திருப்பதன் காரணம் இது.

உண்மையாகவே சக்கரம் இறங்கவில்லை என்றால் என்ன செய்வது? முதலில், ஓடுபாதையைச் சுற்றிப் பறக்கும் பாதையிலிருந்து விலகி, பாதுகாப்பான உயரத்தில், யார் ஓட்டுவது என்று முடிவுசெய்துவிட்டு, விமானத்தின் கையேட்டைத் திறப்பது. வேகத்தைக் கையேடு சொல்லும் அளவுக்குக் குறைக்காமல் அவசர நெம்புகோலை இழுத்தால், காற்றின் தள்ளலை மீற முடியாமல் சக்கரம் பூட்டாமல் போகலாம். விமானத்தைச் சற்று வெட்டி மேலிழுத்தும் பக்கவாட்டில் சறுக்கவைத்தும் தொங்கும் காலை உதறிப் பூட்டவைக்க முயல்வது உண்டு. கட்டுப்பாட்டுக் கோபுரத்தை ஒட்டித் தாழப் பறந்தால், அங்கிருப்பவர் தொலைநோக்கியில் பார்த்து, சக்கரம் இறங்கியதாகத் தெரிகிறது என்பார். பூட்டியிருக்கிறதா என்று அவரால் சொல்ல முடியாது. அந்த வரம்பை மாணவர் அறிந்திருக்க வேண்டும். செனெகா போன்ற விமானங்களில் எஞ்சின் உறையில் ஒரு கண்ணாடி பதித்திருப்பார்கள். மூக்குச் சக்கரத்தைப் பார்க்க அது போதும்.

எல்லாம் தோற்றால் மிஞ்சுவது வயிற்றுத் தரையிறக்கம், அங்கே அவசரம் தேவையில்லை. 2024 மே 13 அன்று ஆஸ்திரேலியாவின் நியூகாசிலில், சக்கரம் இறங்காத பீச்கிராஃப்ட் கிங் ஏர் ஒன்று மூன்று மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்து எரிபொருளை எரித்துக் குறைத்த பிறகே வயிற்றால் இறங்கியது. மூவரும் காயமின்றி வெளியேறினர். புல்வெளி மென்மையாகத் தோன்றினாலும் கடினமான ஓடுபாதையே மேல். புல்லும் மண்ணும் உடற்பகுதியின் விளிம்பைப் பிடித்து விமானத்தைத் திருப்பிவிடும். ஒரு முதன்மைச் சக்கரம் மட்டும் இறங்கவில்லை என்றால், எல்லாவற்றையும் மேலே இழுத்துக்கொண்டு சமமாக இறங்கும்படி பல கையேடுகள் சொல்கின்றன. நிலையான சக்கரம் கழன்ற விமானத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. அது நல்ல சக்கரத்தில் இறங்கி, மறுபக்க இறக்கையைக் கட்டுப்பாட்டால் முடிந்தவரை தூக்கிப் பிடிக்க வேண்டும். இறுதியில் அந்தப் பக்கம் சாய்ந்து அத்திசையிலேயே இழுக்கும் என்பதால், ஓடுபாதையின் எதிர்விளிம்பை ஒட்டித் தொடுவது நல்லது. மூக்குச் சக்கரம் மட்டும் இல்லையென்றால், மூக்கை எவ்வளவு நேரம் முடியுமோ அவ்வளவு நேரம் காற்றிலேயே வைத்திருந்து, மெதுவாகப் படுக்கவிட வேண்டும். தொடுவதற்கு முன்பே கதவைத் தாழ் நீக்கிவைப்பது, உடற்பகுதி நெளிந்து கதவு இறுகிவிடாமல் இருக்க. எஞ்சினையும் உந்துவிசிறியையும் காப்பாற்ற, உயரத்திலேயே எஞ்சினை அணைத்துவிட்டு, விசிறியைக் கிடைமட்டமாக நிறுத்தப் பார்ப்பவர்களும் உண்டு. அந்த வித்தையில் கவனம் சிதறி ஓடுபாதையை எட்டாமல் போனால் மீண்டும் மேலெழ வழியிருக்காது. காப்பீட்டு நிறுவனத்தின் எஞ்சினுக்காக மாணவரின் உயிரைப் பணயம் வைப்பதாகவே அது எனக்குப் படுகிறது.

வயிற்றால் இறங்கிய விமானம் கண்ணுக்குப் பெரிய சேதம் இல்லாததுபோல் தோன்றினாலும் செலவு பெரிது. சுழலும்போது தரையில் மோதிய விசிறி, அந்த அதிர்ச்சியை எஞ்சினின் கிராங்க்ஷாஃப்ட் வரை கடத்தியிருக்கும் என்பதால், லைகமிங் போன்ற தயாரிப்பாளர்கள் எஞ்சினைப் பிரித்துச் சோதிக்கச் சொல்கிறார்கள். வயதான பயிற்சி விமானத்தின் சந்தை மதிப்பைவிட இந்தச் செலவு கூடிவிடுவது உண்டு. யாருக்கும் கீறல்கூட விழாத நிகழ்வில் விமானம் கழித்துக்கட்டப்படுவது அப்படித்தான். விசாரிக்க வருபவர்களோ விசிறி இதழின் வளைவையும், நெம்புகோல் நின்ற நிலையையும், எந்தப் பிரேக்கர் வெளியே தள்ளியிருந்தது என்பதையும் பார்ப்பார்கள். பிறகு விமானத்தைத் தாங்கிகளில் உயர்த்தி நிறுத்தி மின்சாரம் கொடுத்து, சக்கரத்தை இறக்கிப் பார்ப்பார்கள். மூன்று பச்சை விளக்குகளும் எரிந்துவிட்டால் நான்கு சாத்தியங்களில் மூன்று பெரும்பாலும் உதிர்ந்துவிடும்.

இந்தச் சிக்கலிலிருந்து பயிற்சி உலகம் மெல்ல விலகி வருவதும் நடக்கிறது. அமெரிக்காவில் வணிக விமானி உரிமத்தின் ஒற்றை எஞ்சின் செய்முறைத் தேர்வுக்கு உள்ளிழுக்கும் சக்கர விமானம் கட்டாயம் என்ற நிபந்தனை 2018 ஏப்ரலில் நீக்கப்பட்டது. அத்தகைய விமானங்கள் பழையனவாகி, கிடைப்பதே அரிதாகிவிட்டது என்பது சொல்லப்பட்ட காரணம். நிலையான சக்கரங்களோடே 180 நாட்டுகள் அளவில் பறக்கும் சிரஸ் எஸ்ஆர்22 போன்றவை, சக்கரத்தை மடக்கினால்தான் வேகம் என்ற பழைய நம்பிக்கையையும் தளர்த்திவிட்டன. ஆகவே இப்போது பலர் சக்கர நெம்புகோலை முதன்முதலில் தொடுவது இரட்டை எஞ்சின் பயிற்சியில்தான். அங்கே, ஒரு எஞ்சின் நின்றதாகப் பாவித்து ஓடுபாதையை நோக்கி இறங்கும் பாடத்தின் நடுவில், பயிற்றுநர் மூடிவைத்த த்ராட்டிலால் அலறும் ஒலிப்பானுக்கு ஊடாக, அந்த நெம்புகோலை நினைவில் வைத்திருக்க வேண்டும்.